கினிக்கோழி வளர்ப்பு

எம் பழைய மாணவருட் பலர் முந்தல், உடப்பு, கற்பிட்டிப் பகுதிகளிற் சிறு தோட்டங்கள் உடையவர். அன்னார்க்குப் பயன்படுமெனக் கருதி, இலக்கணத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துக் கினிக்கோழியைப் பற்றி எழுதப் புகுந்தோம்.

ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பறவை, சாம்பல்நிற உடலெங்கும் வெண்புள்ளி உடையது. இந்தியாவின் இசாத்நகரிலுள்ள பறவையின ஆராய்ச்சி நிலையத்தார் தாம் உருவாக்கிய வகைகளுக்குக் காதம்பரி, சுவேதாம்பரி எனப் பெயரிட்டுள்ளனர். சேவலையும் பேட்டையும் தோற்றத்தாற் பிரித்தறிதல் அரிது, குரலே துணை. ஈரசைபடக் கூவுவது பேடு. சேவல் ஓரசையோடு நிறுத்திவிடும். யாப்புக் கற்பிக்கும் எமக்கு இது பெரிதும் உவப்பாயிற்று.

ஊர்க்கோழியைப் போல இது பாத்திகளை மிகுதியாகக் கிளறுவதில்லை. தென்னங்கன்றின் பகையாகிய கறையானையும், வெட்டுக்கிளியையும், உண்ணியையும் தேடித் தின்னும். பாம்பையோ கீரியையோ காணிற் கூட்டமாய்க் கூச்சலிடும். அயலார் அதனை விரும்பாமை வேறு.

ஆயினும் குஞ்சு பேணுந் திறன் இதற்குக் குறைவு. முதலாண்டிற் பேடொன்று புதரில் மறைவாக அடைகிடந்து பதினாறு குஞ்சுகளோடு வெளிவரக் கண்டு மகிழ்ந்தோம். அது தை மாதம். பனி நனைந்த புல்லூடே தாய் விரைந்து செல்ல, பின்தொடர்ந்த குஞ்சுகள் விறைத்து ஒவ்வொன்றாய் வீழ்ந்தன. ஐந்தாம் நாள் எஞ்சியவை இரண்டு. அவற்றையும் காகங் கொண்டுபோயிற்று. வீட்டுச் சிறுவர் அன்றிரவு உண்ண மறுத்தனர்.

பின்னர் முறையை மாற்றினோம். முட்டைகளை முற்றாக எடுப்பிற் பேடு அவ்விடத்தைக் கைவிடும்; ஆதலின் நாலைந்தை விட்டு ஏனையவற்றை எடுத்து ஊர்க்கோழிக்கு அடைவைத்தோம். கோழிமுட்டை 21 நாளிற் பொரிக்கும். இதற்கோ 26 முதல் 28 நாள் வேண்டும். அடைகிடந்து நாட்சென்ற கோழி இடையில் எழுந்துவிடுமாதலின், புதிதாய் அடைகிடப்பதையே தெரிதல் நன்று. குஞ்சுகளை ஆறு வாரம் ஈரம் படாத கூட்டில் வைத்தல் வேண்டும். நீர்த்தட்டிற் கூழாங்கல் இடாவிடின் மூழ்கி இறக்கும். கறையானும், உப்பிடாது உலர்த்திய மீன்தூளும் ஊட்டலாம். உப்புக் கருவாடு ஆகாது.

திறந்துவிடும்போது முதலில் இரண்டொன்றையே விடுக. அவை கூட்டிலுள்ள தம்மினத்தை விட்டு அகலா. மாலைதோறும் தகரந் தட்டித் தீனி இடுக. மரத்தில் உறங்கப் பழகிவிடின் மரநாய்க்கு இரையாகும்.

இவ்வாண்டு தகரவோசைக்கு ஓடிவருபவை பத்தொன்பது. இருபதாவது அயலார் வேலியோரம் அடைகிடப்பதாகக் கேள்வி.