ஹிப்பிக்குப் பெயர் வைத்தது யார்?

தோள்வரை முடி வளர்த்து, பெல்பாட்டம் போட்டுக்கொண்டு திரிந்த பையனை 1970-களின் தமிழ்நாட்டில் ‘ஹிப்பி’ என்றார்கள். ‘ஹிப்பி முடி’ நம் பேச்சில் தனிச்சொல்லாகவே நிலைத்தது. ஹிப்பி இளைஞர்கள் திரண்ட வுட்ஸ்டாக் இசை விழாவில், 1969 ஆகஸ்டில், தொடக்க உரை ஆற்றியவரும் கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர்தான். இவ்வளவு பழகிய சொல்லுக்குப் பூர்வீகம் எது என்ற வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

அச்சில் ஏறிய கதை

வழக்கமாகச் சொல்லப்படும் கதை சான்பிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது. 1965 செப்டம்பர் 5 அன்று ‘எக்ஸாமினர்’ நாளிதழில் செய்தியாளர் மைக்கேல் ஃபாலன், ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் குடியேறிய இளைஞர்களைப் பற்றி எழுதினார். புதிய தலைமுறைக்கு ‘ஹிப்பி’ என்ற பெயர் பத்திரிகையில் ஒட்டியது அதிலிருந்துதான் என்பார்கள். ஸ்புட்னிக் செயற்கைக்கோளின் பெயர் பரபரப்பாக இருந்த 1958-இல் முந்தைய தலைமுறைக் கலக இளைஞர்களுக்கு ‘பீட்னிக்’ என்ற சொல்லை உருவாக்கிய ‘க்ரானிக்கிள்’ பத்தி எழுத்தாளர் ஹெர்ப் கேன், 1967-இல் ‘ஹிப்பி’யையும் ஊரெங்கும் பரப்பினார்.

ஆனால் 1965-இலேயே வெளிவந்த, கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் தன்வரலாறு வேறு தடத்தைக் காட்டுகிறது. அவர் நினைவுகூர்வது 1940-களின் ஹார்லெம். கறுப்பர்களைவிடக் கறுப்பர்களாக நடந்துகொள்ள முயன்ற வெள்ளை இளைஞர்களை அங்கே ‘ஹிப்பி’ என்று அழைத்ததாகச் சொல்கிறார். சான்பிரான்சிஸ்கோ செய்தித்தாளுக்கு எட்டும் முன்பே, நியூயார்க்கின் கறுப்பர் தெருக்களில் அந்தச் சொல் புழங்கியிருக்கிறது.

வேர் எங்கே?

‘ஹிப்பி’யின் வேர் ‘ஹிப்’. விவரம் தெரிந்தவன், நடப்பு புரிந்தவன் என்று பொருள். ஜார்ஜ் ஹோபார்ட் 1904-இல் வெளியிட்ட நாவலிலேயே அது இருக்கிறது. ‘ஹெப்’ என்ற இன்னொரு வடிவமும் உண்டு. ஜாஸ் பாடகர் கேப் கேலவே, ஹார்லெம் இசைக்கலைஞர்களின் பேச்சுக்கு 1938-இல் அகராதி போட்டபோது, தலைப்பிலேயே அந்த வடிவத்தை வைத்தார்.

இதற்கும் முந்தைய வரலாற்றில்தான் சண்டை. அபின் புகைப்பவர்கள் ஒருக்களித்து இடுப்பைத் தரையில் ஊன்றிப் படுப்பார்கள். இடுப்பைக் குறிக்கும் ‘ஹிப்’ அப்படித்தான் குழூஉக்குறி ஆனது என்பது ஒரு கதை. கேட்கச் சுவையாக இருந்தாலும் அதற்கு உறுதியான சான்று கிடையாது.

பிரிட்டிஷ் மொழியியலாளர் டேவிட் டால்பி 1960-களின் இறுதியில் முன்வைத்த கருத்து கனமானது. செனகல் நாட்டின் வோலோஃப் மொழியில் கண்ணைத் திறப்பதைக் குறிக்கும், ‘ஹிப்பி’யை ஒத்த ஒலியுள்ள வினைச்சொல் இருக்கிறது. அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களோடு அதுவும் கடல் கடந்தது என்றார் அவர். பலரும் இதை ஆவலோடு ஏற்றதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் கறுப்பர் பேச்சில் ஆப்பிரிக்கா மிச்சமில்லை என்றே அறிஞர்கள் நெடுங்காலம் சாதித்தார்கள். லாரென்சோ டர்னர் 1949-இல் வெளியிட்ட ஆய்வுநூல், கல்லா என்ற அமெரிக்கக் கறுப்பினச் சமூகத்தின் பேச்சில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களும் பெயர்களும் வாழ்வதைக் காட்டி அந்தக் கருத்தை உடைத்தது. வெண்டைக்காய்க்கு வழங்கும் ‘கம்போ’, வேர்க்கடலைக்கு வழங்கும் ‘கூபர்’ ஆகியவையும் ஆப்பிரிக்காவிலிருந்து போனவைதான்.

அகராதியியலாளர் ஜெஸ்ஸி ஷெய்ட்லோவர் 2004-இல் வோலோஃப் கருத்தை மறுத்தார். அமெரிக்கா அடிமை இறக்குமதிக்குத் தடை விதித்தது 1808-இல். ‘ஹிப்’ அச்சில் தென்படுவது சுமார் நூறாண்டுகள் கழித்து. இடையில் அந்தச் சொல்லின் தடயம் இல்லை. ஒலி ஒற்றுமை ஒன்றை வைத்து உறவு கொண்டாட முடியாது என்ற வாதம் நியாயமானது. எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் தள்ள முடியாது. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றம். அவர்கள் பேசிய கொச்சைச் சொல் ஏட்டில் ஏறவில்லை என்பதால், அது வழங்கவே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது.

நிரூபிக்க முடிந்தது

வோலோஃப் கருத்து இன்றைய நிலையில் ஊகமே. அதை உண்மையென்று பாடப்புத்தகத்தில் எழுதக் கூடாது. அதற்காகக் கறுப்பின மக்களுக்குச் சேரவேண்டிய பெருமை குறைந்துவிடாது. ‘ஹிப்’ ஜாஸ் கலைஞர்களின் வாயில் புழங்கி, அவர்களைப் பின்பற்றிய வெள்ளை ‘ஹிப்ஸ்டர்’களிடம் போய், பிறகு ‘ஹிப்பி’ ஆனதற்கு ஆதாரங்கள் இருக்கின்றன. இந்தக் கடன்பெறுதலை வைத்து எழுத்தாளர் நார்மன் மெய்லர் 1957-இலேயே ‘தி ஒயிட் நீக்ரோ’ என்ற கட்டுரையை எழுதி விவாதத்தைக் கிளப்பினார்.

ஹெய்ட்-ஆஷ்பரி இளைஞர்களுக்கே அந்தப் பெயர் உவக்கவில்லை. ஊடகங்கள் ஆக்கிவைத்த ஹிப்பி செத்துவிட்டான் என்று அறிவித்து, 1967 அக்டோபர் 6 அன்று சவப்பெட்டி சுமந்து ஊர்வலம் போனார்கள். பெயரை அவர்களால் புதைக்க முடியவில்லை. அது உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது.

முதலில் அச்சிட்டவரை முதலில் பேசியவராகக் கொள்வது, எழுதுகோல் கையில் இருந்தவனுக்கே எல்லாச் சொத்தையும் எழுதிவைப்பதாகும். எழுத்து மறுக்கப்பட்டவர்களின் சொல்லுக்குச் சான்று தேடும்போது, பாட்டிலும் பேச்சிலும் வாழ்க்கை நினைவுகளிலும் தேட வேண்டும். ஆப்பிரிக்க வேர் நாளை உறுதிப்பட்டாலும் பொய்த்தாலும், ‘ஹிப்பி’யின் வரலாற்றில் சான்பிரான்சிஸ்கோவுக்கு முன்னால் ஹார்லெமை எழுதுவதுதான் முறை.