கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர்: இராமேஸ்வரம் தீவைப் பாடமாக்குவோம்

பள்ளிச் சுற்றுலா என்றதும் முதலில் பேசப்படும் ஊர்களில் இராமேஸ்வரம் ஒன்று. அக்னி தீர்த்தத்தில் கால் நனைத்து, கோயில் பிரகாரத்தைச் சுற்றிவந்து, அரிச்சல்முனையில் படம் எடுத்து, கலாம் நினைவிடத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினால் சுற்றுலா முடிந்துவிடுகிறது. மறுநாள் வகுப்பில் “என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டால் இடங்களின் பெயர்கள் வரிசையாக வரும். அந்த இடங்களுக்குள் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் வராது.

சமூக அறிவியல் ஆசிரியராக நான் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போது, பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுவேன். “சுற்றிலும் உப்புக் கடல். தீவில் ஆறு கிடையாது. குழாயில் குடிநீர் வருவதற்கு முன்னால் இங்கே வாழ்ந்தவர்களும் வந்துபோன யாத்திரிகர்களும் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்?” நாள் முழுவதும் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும். அப்படித் தேடும்போது கோயில், தீர்த்தம், மணல்மேடு, தனுஷ்கோடி எல்லாம் ஒரே பாடத்துக்குள் வந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். முதன்முறையாக மாணவர்களோடு அங்கே செல்லவிருக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்பதால் அந்தப் பாடத்தை இங்கே பகிர்கிறேன்.

தீவின் அமைப்பு

முதலில் வரைபடம். இராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், ஏறத்தாழ 30 கி.மீ. நீளத்தில் மேற்கிலிருந்து கிழக்காக நீண்டு கிடக்கிறது இந்தத் தீவு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மேற்கிலிருந்து வரிசையாக வந்தால் பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம், இராமேஸ்வரம். அதன்பின் தென்கிழக்காக வால்போல் ஒடுங்கிச் செல்லும் மணல் நிலத்தில் தனுஷ்கோடி. கடைசியில் அரிச்சல்முனை. மேற்குப் பகுதி அகலமானது. தென்னந்தோப்புகளும் பனைமரங்களும் குடியிருப்புகளும் அங்கேதான் மிகுதி. கிழக்கு வால் சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளட்டும். பின்னால் தேவைப்படும்.

ஊர்ப்பெயர்களைச் சொல்லிக் கேட்டாலே தொடக்கநிலைக் குழந்தைகளுக்குப் பாதிப் பாடம் புரியும். மடம், சத்திரம் என்று முடியும் பெயர்கள் யாத்திரிகர்கள் நடந்துபோன வழியைக் காட்டுகின்றன. தீர்த்தம் என்று முடிபவை தண்ணீர் கிடைத்த இடங்கள். கோடி என்றால் கடைசி. அரிச்சல்முனை என்ற பெயரில் ‘அரித்தல்’ என்ற வினையே கேட்கிறது. கடல் ஒரு பக்கம் அரித்து மறுபக்கம் மணலைச் சேர்க்கும் முனை அது.

தீவின் அடியில் இருப்பது பவளப்பாறையால் ஆன சுண்ணாம்புக்கல். அதன்மேல் காற்றும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணல். தீவின் மிக உயரமான இடமான கந்தமாதன பர்வதம் பெயரில்தான் மலை. உண்மையில் அது ஒரு மேடு. கோயிலிலிருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில் இருக்கும் இந்த மேட்டின் உச்சி மண்டபத்தில் நின்றால் ஊரும் கடலும் ஒருசேரத் தெரியும். நான் மாணவர்களை முதலில் அழைத்துச் செல்வது இங்கேதான். கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, கண்ணில் தெரிவதை வைத்துத் தீவின் படத்தை வரையச் சொல்வேன். அச்சிட்ட வரைபடத்தைக் கீழே இறங்கிய பிறகு காட்டினால் போதும்.

நல்ல தண்ணீர் எப்படி வந்தது?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆழம் குறைந்த கிணறுகள். கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தும் அவற்றின் நீர் கடல்நீர்போல் கரிப்பதில்லை. தங்கச்சிமடத்தை ஒட்டிய வில்லூண்டி தீர்த்தம் இன்னும் வியப்பானது. கரையிலிருந்து சிறு நடைபாலம் வழியாகக் கடலுக்குள் சென்றால் அங்கே ஒரு கிணறு. சுற்றிலும் கடல்நீர், கிணற்றுக்குள் நல்ல தண்ணீர். தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் மணலில் சில அடி தோண்டி ஊற்று நீர் எடுப்பதையும் காணலாம்.

பக்தர்களுக்கு இது தலபுராணம். வகுப்பறையில் இதற்கு அறிவியல் விளக்கம் உண்டு. மாணவர்களின் நம்பிக்கையைக் கேலி செய்யாமலே இதைச் சொல்லலாம்.

பெய்யும் மழை மணலில் வழிந்தோடுவதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது. கீழே ஏற்கெனவே கடல்நீர் ஊறிக்கிடக்கிறது. மழைநீர் அதைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மணல் துகள்களுக்கு இடையே நிற்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. இப்படிச் சேரும் நன்னீர் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், ஓர் அவரை விதையைப் படுக்க வைத்ததுபோல் நிலத்தடியில் இருக்கும். அதன் ஓரம் கடலைத் தொடும் இடத்தில் நன்னீர் மெல்லக் கசிந்து வெளியேறும். கரையோரத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதற்கு இதுவே அடிப்படை.

இதைப் புரியவைக்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். பாதியளவு தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். வேறொரு டம்ளரில் நல்ல தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு மை விடுங்கள். உப்புநீரின் மேல் ஒரு கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, மை கலந்த நீரை அதன்மேல் மெதுவாக ஊற்றுங்கள். வண்ண நீர் மேலேயே நிற்கும். நான்காம் வகுப்புக் குழந்தையும் இதைப் பார்த்ததும் புரிந்துகொள்ளும்.

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்காகவே கொடுக்கலாம். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று கொள்வோம். 1.000-ஐ 0.025-ஆல் வகுத்தால் 40. அதாவது கடல்மட்டத்துக்கு மேல் நிலத்தடி நன்னீர் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்க முடியும். கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று நிலத்தடி நீரியலில் இதைச் சொல்வார்கள். பாறை, நிலத்தின் அகலம், மழையளவு ஆகியவற்றைப் பொறுத்து உண்மை அளவு மாறும். விகிதத்தின் போக்கு மாறாது.

இதே கணக்கைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மேலே நன்னீர் மட்டம் 1 மீட்டர் குறைந்தால் கீழே உப்புநீர் 40 மீட்டர் ஏறி வரும். அளவுக்கு மீறி இறைத்தாலும், ஆழ்துளைக் கிணறுகளை மிக ஆழமாக இறக்கினாலும், மழை இறங்கும் மணலைச் சிமென்ட் தளத்தால் மூடினாலும் நடப்பது இதுதான். ஒருமுறை உப்பேறிய கிணறு மீண்டும் இனிக்கப் பல மழைக்காலங்கள் ஆகலாம். இன்று கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் வெளியிலிருந்தும் தீவுக்குத் தண்ணீர் வருகிறது. ஆனால் தென்னையும் பனையும் வீட்டுக் கிணறுகளும் இன்னமும் அந்த ‘அவரை விதை’யை நம்பித்தான் நிற்கின்றன.

ஒரு முனையில் இரு கடல்கள்

அரிச்சல்முனையில் கிழக்கு நோக்கி நின்றால் இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. முதலாவதைப் பெண்கடல் என்றும் இரண்டாவதை ஆண்கடல் என்றும் உள்ளூர் மக்கள் அழைப்பதுண்டு. ஒன்று அமைதியாகவும் மற்றது கொந்தளிப்பாகவும் தெரிவதால் வந்த பெயர்கள். காரணத்தை மாணவர்களையே கேளுங்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. இலங்கையும் மணல்திட்டுகளும் அதற்கு அரணாக நிற்கின்றன. மன்னார் வளைகுடா தெற்கே போகப்போக ஆழமாகி இந்தியப் பெருங்கடலோடு கலக்கிறது.

ஆனால் இது ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது வடக்குக் கடலும் சீறும். எந்த மாதத்தில் எந்தக் கரையில் படகை விடுவது என்பது மீனவர்களுக்குக் கைவந்த அறிவு. பருவக்காற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முனைக்கு அப்பால் தலைமன்னார் நோக்கிச் செல்லும் மணல்திட்டுகளின் தொடரை ஆதாம் பாலம், இராமர் பாலம் என்று அழைக்கிறார்கள். தீவின் மேற்குக் கோடியில் பாம்பனுக்கு அருகே இருக்கும் குருசடைத் தீவு, மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. 1986-இல் இப்பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989-இல் இக்கடற்பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. பவளப்பாறையும் கடற்புல்லும் இருப்பதால்தான் இங்கே கடற்பசுவும் ஆமையும் வாழ்கின்றன. குளிர்காலத்தில் தனுஷ்கோடிச் சாலையோரச் சதுப்பு நீரில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடும். 2025-இல் தமிழ்நாடு அரசு அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பேருந்தைச் சாலையிலேயே நிறுத்தி, சத்தமின்றித் தூரத்திலிருந்து பார்ப்பதே முறை.

ஓர் எச்சரிக்கை: அரிச்சல்முனையில் இரு பக்க நீரோட்டங்களும் மோதுகின்றன. மணல் திடீரென்று சரியும். அங்கே எந்த மாணவரையும் தண்ணீரில் இறங்க விடக்கூடாது.

தனுஷ்கோடி: பேய் நகரம் அல்ல

காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் தனுஷ்கோடியைப் ‘பேய் நகரம்’ என்பார்கள். அந்தச் சொல்லை வகுப்பிலேயே மாற்றிவிடுவது நல்லது. 1964 வரை அது உயிரோட்டமான துறைமுக ஊர். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் இங்கே நின்றதும் பயணிகள் கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள். இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளி, தேவாலயம் எல்லாம் இருந்தன.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயல் அத்தனையையும் அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்கு இரையானது. அதன்பின் அரசு அந்த ஊரை மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது.

ஏன் கடல் அவ்வளவு உயரமாக எழுந்தது? புயல்காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளுகிறது. ஆழமான கடலில் அந்த நீர் கீழே இறங்கித் திரும்பிவிடும். ஆழமற்ற கடலில் இறங்க இடமில்லை, எனவே மேலே ஏறுகிறது. நாளெல்லாம் அமைதியாகத் தெரியும் பாக் விரிகுடாவின் ஆழமின்மையே அன்றைய ஆபத்துக்கும் ஒரு காரணம். தாழ்ந்த, ஒடுங்கிய மணல் வாலில் ஒதுங்குவதற்கு மேட்டுநிலமும் இல்லை. முதலில் பார்த்த அகல வேறுபாட்டை இங்கே நினைவூட்டுங்கள்.

இடிந்த தேவாலயத்தின் சுவர்களில் பவளக்கற்கள் தெரியும். தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். தீவின் அடியில் இருக்கும் பாறையைக் கண்ணால் காண அது நல்ல இடம். அருகில் இன்றும் மீனவர்கள் குடிசை போட்டு வாழ்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அது காட்சிப்பொருள் அல்ல, அவர்கள் வாழும் ஊர்.

பாலங்கள்

தீவை நிலத்தோடு இணைத்த இரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. இடைப்பட்ட 74 ஆண்டுகளில் இரயிலை விட்டால் படகு மட்டுமே. பழைய இரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேல்நோக்கிச் சாயும். பணியாளர்கள் கையால் நெம்பித் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. சாலைப் பாலத்திலிருந்து பார்த்தால் நெம்புகோல் பாடமும் எதிரெடைப் பாடமும் எதிரே தெரியும்.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் வருவோர் பெருகியுள்ளனர். வருவோர் பெருகினால் விடுதிகளும் குழாய்க் கிணறுகளும் குப்பையும் பெருகும். நம் பள்ளிப் பேருந்தும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே நான் மாணவர்களிடம் இரண்டு விதிகளை வைக்கிறேன். குடிநீரை வீட்டிலிருந்தே பெரிய பாத்திரத்தில் கொண்டு போவது ஒன்று. கொண்டுபோன பொருள் எதையும் தீவில் விட்டுவராதது மற்றொன்று.

வகுப்பைக் கடற்கரைக்குக் கொண்டுபோன ஆசிரியர்

களப்பயணத்தின் பயனை நமக்கு உணர்த்தியவரும் இந்தத் தீவின் ஆசிரியர்தான். பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் விளக்கிய சிவசுப்பிரமணிய அய்யர், மாணவர்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறக்கும் பறவைகளைக் காட்டினார். அந்த வகுப்பில் இருந்த அப்துல் கலாம், தன் வாழ்க்கைக்குத் திசை கிடைத்தது அன்றுதான் என்று பிற்காலத்தில் பலமுறை சொன்னார். பேய்க்கரும்பில் உள்ள நினைவிடத்தில் ஏவுகணை மாதிரிகளைக் காட்டும்போது இந்த ஆசிரியரைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

திரும்பி வந்தபின்

பயணக் கட்டுரைக்குப் பதிலாக நான் கொடுப்பது மூன்று பணிகள்.

1. கந்தமாதன பர்வதத்தில் வரைந்த படத்தில், நல்ல தண்ணீர் கிடைத்த இடங்களை நீல வண்ணத்தில் குறிக்க வேண்டும்.

2. தீவை மேற்கிலோ கிழக்கிலோ குறுக்கே வெட்டினால் நிலத்தடியில் நன்னீரும் உப்புநீரும் எப்படி இருக்கும் என்று வரைய வேண்டும்.

3. தம் வீட்டுக் கிணற்றிலோ தெருக் கிணற்றிலோ தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று பெரியவர் ஒருவரின் துணையோடு கயிறு விட்டு அளந்து, மாதம் ஒருமுறை குறித்து வர வேண்டும்.

மூன்றாவது பணியைக் கல்வியாண்டு முடியும்வரை விடாமல் தொடரச் செய்யுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைச் சுவரில் ஒரு வரைகோடாக ஒட்டிவைத்தால், தீவுக்கு வர இயலாத மாணவர்களும் அந்தப் பாடத்தில் பங்கு பெறுவார்கள்.