ஆசைக்கு இரையான பொதிகைப் பூ

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையில், சுமார் 1,400 மீட்டருக்கு மேலே, பாறையும் புல்லும் கலந்த சரிவுகளில் ஓர் ஆர்க்கிட் வளர்கிறது. பொதிகை அடங்கிய அகத்தியமலைத் தொடரை விட்டால் உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. நல்ல மஞ்சள் நிறப் பூ. மேலிதழிலும் பக்க இதழ்களிலும் நடுவே தூரிகையால் இழுத்தாற்போல் ஒரு பழுப்புக் கோடு.

1865-இல் கர்னல் ஹீபர் ட்ரூரி இதைக் கண்டெடுத்தார். சென்னை மாகாண வனத்துறை அதிகாரியும் தாவரவியலாளருமான பெடோம், 1874-இல் இதை முறையாக விவரித்து ட்ரூரியின் பெயரையே சூட்டினார். இன்று இதன் தாவரவியல் பெயர் பாபியோபெடிலம் ட்ரூரி.

'லேடீஸ் ஸ்லிப்பர்' வகையைச் சேர்ந்த இந்த பாபியோபெடிலம் பேரினத்தில் 80-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை இமயமலை அடிவாரம், வடகிழக்கு மாநிலங்கள், தென்கிழக்கு ஆசியா என்று சிதறிக் கிடக்கின்றன. தென்னிந்தியாவுக்கு வாய்த்தது இது ஒன்றுதான். உறவினர்கள் பலர் காட்டு நிழலில் ஒதுங்கி வாழ, இதுவோ வெயில் விழும் திறந்த சரிவில் புல்லோடு புல்லாக நிற்கிறது.

'ஸ்லிப்பர்' என்ற பெயருக்குக் காரணம் பூவின் கீழே செருப்பைப் போலத் தொங்கும் பை. அது ஒரு பொறியும்கூட. பூச்சி உள்ளே வழுக்கி விழும். வழவழப்பான சுவரில் ஏற முடியாது. பின்பக்கம் ரோமங்கள் அடர்ந்த குறுகிய பாதை ஒன்றுதான் வெளியே போக வழி. அந்த நெருக்கடியில் சூல்முடியை உரசி, மகரந்தத்தை முதுகில் அப்பிக்கொண்டு போகும். கூலியாக ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடையாது!

பூச்சியை ஏமாற்றத் தெரிந்த பூவுக்கு மனிதனிடமிருந்து தப்பத் தெரியவில்லை. மேலைநாட்டு ஆர்க்கிட் பிரியர்கள் புதுக் கலப்பினங்களை உருவாக்க இதைத் தேடினார்கள். செடிகள் வேரோடு மலையிறங்கின. ஒரு கட்டத்தில் இனமே அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் மறுபடி தென்பட்டதும், மகிழ்ச்சி அடங்குவதற்குள் சேகரிப்பாளர்கள் மீண்டும் மலையேறிவிட்டார்கள். காடு அழிந்ததால் செடி அழியும் கதைகளே நாம் அதிகம் கேட்டவை. இங்கே காடு நின்றது, செடிதான் போனது.

சட்டம் இப்போது கடுமையானது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், காட்டிலிருந்து எடுத்த செடியை நாடு விட்டு நாடு விற்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட்களைக் காக்கிறது. ஆனால் கோடையில் காய்ந்த புல்லில் பற்றும் தீயைச் சட்டத்தால் தடுக்க முடியாதே. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறது.

தானாகப் பெருகுவதும் எளிதல்ல. தூசி போன்ற விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணில் ஒத்துப்போகும் பூஞ்சை கிடைத்தால்தான் முளைக்கும். திருவனந்தபுரம் அருகே பாலோட்டிலுள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை ஆய்வகத்தில் தீர்த்தார்கள். ஊட்டக் கலவையில் கன்றுகளை வளர்த்து, மலையில் மீண்டும் நட்டும் பார்த்தார்கள்.

வெளிநாட்டுக் கண்ணாடி வீடுகளில் இதே செடி தொட்டி தொட்டியாகப் பூக்கிறது. பண்ணையில் பெருக்கிய கன்றுகள் தாராளமாகக் கிடைத்தால் காட்டுச் செடி மீதான ஆசை குறையும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நட்ட கன்று பூப்பதோடு வேலை முடியாது. காய் பிடித்து, விதை சிதறி, அடுத்த தலைமுறை அந்தச் சரிவிலேயே வேர்விட வேண்டும். 1970-களின் அனுபவத்துக்குப் பிறகு, எஞ்சிய செடிகள் நிற்கும் துல்லியமான இடத்தை வெளியே சொல்லாமல் இருப்பதே நல்லது.