எந்த ஆண்டு எஞ்சின்?

பெட்டியைத் திறந்தால் எஞ்சின் எதுவும் கண்ணில் படாது. சில மெல்லிய பித்தளைத் தகடுகள், வார்த்தெடுத்த புகைபோக்கி, கம்பித் துண்டுகள், ஒரு குறிப்புத்தாள். பல கிட்களில் சக்கரத்தையும் மோட்டாரையும் தனியாகத்தான் வாங்கவேண்டும். பிரிட்டனில் மாதிரி நீராவி எஞ்சின் கட்டுகிறவர்கள் சால்டரிங் அயர்னைச் சூடேற்றுமுன் ஒன்றை முடிவுசெய்தாக வேண்டும்: எந்த ஆண்டு எஞ்சின்?

ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் நீராவி எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 1923இல் டான்காஸ்டர் பணிமனையிலிருந்து வெளிவந்தபோது எண் 1472; மறு ஆண்டே 4472. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு நடுவில் நிற்காமல் ஓட 1928இல் அதற்கு வந்த டெண்டரில், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி வண்டியில், ஒரு நடைவழி இருந்தது. ரயில் ஓடும்போதே ஓட்டுநர்கள் அதன் வழியாக மாறிக்கொண்டார்கள். 1947இல் பாய்லர் மாறியது. ரயில்வே அரசுடைமையானபின் எண் 60103. ஆப்பிள் பச்சை போய் நீலம், பிறகு கரும்பச்சை. 1950களின் கடைசியில் பொருத்திய இரட்டைப் புகைபோக்கி புகையை வேகமாக மேலே தள்ளவில்லை. அது தாழப் படர்ந்து ஓட்டுநரின் பார்வையை மறைத்தது. அதனால் 1961இல் முகப்பின் இருபுறமும் தடுப்புத் தகடுகள் வந்தன. 1934இல் மணிக்கு 100 மைல் தொட்ட எஞ்சின் என்று சொல்லிக்கொண்டு இந்தத் தகடுகளை ஒட்டினால், விவரம் தெரிந்தவர் முகம் சுளிப்பார்.

ஆண்டு முடிவானால் கைவேலை. மடிக்கவேண்டிய இடத்தில் தகடு பாதி ஆழத்துக்கு அரிக்கப்பட்டிருக்கும். அந்தப் பள்ளம் உட்பக்கம் வரும்படி மடித்து, அதில் ஈயத்தை ஓடவிட்டால் மூலை விறைப்பாக நிற்கும். ரிவெட்டுகளுக்குத் தகட்டின் பின்புறம் புள்ளிகள் இருக்கும்; ஊசிமுனையால் ஒவ்வொன்றாக அழுத்தினால் முன்புறம் தலை எழும்பும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் எஞ்சினுக்கு உயிர் வருவதே இங்கேதான். வார்ப்புப் புகைபோக்கிக்கு மட்டும் சுமார் 70 டிகிரியில் உருகும் தனி ஈயம் வேண்டும். சூடு கூடினால் புகைபோக்கியே உருகி வழிந்துவிடும்.

ஓடவைப்பது வேறு கதை. இரண்டு பக்கத்து கிராங்குகளும் ஒரே கோணத்தில் இருந்தால் இணைப்புத் தண்டுகள் இறுகி, சக்கரம் சிக்கிக்கொள்ளும். அதனால் ஒரு பக்கத்தை மறுபக்கத்திலிருந்து கால்வட்டம் தள்ளிப் பொருத்துகிறார்கள். அசல் ஸ்காட்ஸ்மனுக்கு மூன்று சிலிண்டர். அதில் கிராங்குகளின் இடைவெளி 120 டிகிரி. மாதிரியில் உள் சிலிண்டர் வேலை செய்வதில்லை என்பதால் பலர் 90ஓடு விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தண்டவாளங்களின் இடைவெளியில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது வேடிக்கை. அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற ஓஓ அளவில் அது 18.83 மில்லிமீட்டர் இருக்கவேண்டும்; இருப்பதோ 16.5. அந்தக்கால மோட்டார் சிறிய பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் அடங்காததால், பாதையை அப்படியே விட்டுவிட்டு எஞ்சினின் உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். குறை பொறுக்காத சிலர் 18.83இலேயே பாதை போட்டு, சக்கரங்களையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள்.

டெண்டரில் போடும் நிலக்கரி மட்டும் பெரும்பாலும் அசல். பொடித்து, சலித்து, பசை விட்டு ஒட்டுகிறார்கள். கட்டி பெரிதாகிவிட்டால் கரி பாறாங்கல்லாகத் தெரியும்.