நன்கொடைப் பட்டியலில் முதலிடம்: ஷிவ் நாடாரின் கல்விப் பணம் யாரைச் சென்றடைகிறது?

புது தில்லி: இந்தியாவின் பெரும் நன்கொடையாளர்களை வரிசைப்படுத்தும் எடெல்கிவ்-ஹுருன் பட்டியலில், 2025-ஆம் ஆண்டிலும் எச்.சி.எல். நிறுவனர் ஷிவ் நாடாரும் அவரது குடும்பத்தினரும் முதலிடம் பெற்றனர். ஓராண்டில் அவர்கள் வழங்கியதாகக் கணக்கிடப்பட்ட தொகை ரூ.2,708 கோடி. முந்தைய ஆண்டுப் பட்டியலில் இது ரூ.2,153 கோடியாக இருந்தது. நாளொன்றுக்கு ரூ.7 கோடிக்கும் அதிகமான இந்த நன்கொடையின் முதன்மையான துறை கல்வி. அந்தப் பணம் எவ்வாறு செலவிடப்படுகிறது, அதனால் பயன்பெறுவோர் யார் என்பதை விரிவாகக் காணலாம்.

ரூ.1.87 லட்சத்தில் தொடங்கிய நிறுவனம்

தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர் அருகேயுள்ள மூலைப்பொழி கிராமத்தில் 1945-இல் பிறந்தவர் ஷிவ் நாடார். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்ற அவர், தில்லியில் டி.சி.எம். நிறுவனத்தில் பணியாற்றினார். அந்தப் பணியைத் துறந்து, 1976-இல் நண்பர்களுடன் இணைந்து ரூ.1.87 லட்சம் முதலீட்டில் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்நிய நிறுவனங்களுக்கான பங்கு வரம்பை ஏற்க மறுத்து ஐ.பி.எம். நிறுவனம் 1978-இல் இந்தியாவிலிருந்து வெளியேறியது. இதனால் கணினிச் சந்தையில் உருவான வெற்றிடம், எச்.சி.எல். உள்ளிட்ட உள்நாட்டு நிறுவனங்களின் வளர்ச்சிக்கு வழிவகுத்தது. எச்.சி.எல். டெக்னாலஜீஸ் தலைவர் பொறுப்பை அவர் 2020-இல் தமது மகள் ரோஷ்ணி நாடார் மல்ஹோத்ராவிடம் ஒப்படைத்தார்.

காசோலை அல்ல, கல்வி நிறுவனம்

நன்கொடை என்பது பொதுவாக, ஏற்கெனவே இயங்கிவரும் ஓர் அமைப்புக்குப் பணம் வழங்குவதாகவே இருக்கும். 1994-இல் தொடங்கப்பட்ட ஷிவ் நாடார் அறக்கட்டளை வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. கல்வி நிறுவனங்களைத் தானே உருவாக்கித் தானே நடத்துவது அதன் முறை.

அதன் முதல் பெரும் முயற்சி, 1996-இல் சென்னையை அடுத்த காலவாக்கத்தில் தொடங்கப்பட்ட எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி. அவரது தந்தை சிவசுப்பிரமணிய நாடாரின் பெயரை அக்கல்லூரி தாங்கியுள்ளது. 2011-இல் உத்தரப் பிரதேசத்தின் கௌதம புத்த நகர் மாவட்டத்தில் ஷிவ் நாடார் பல்கலைக்கழகம் உருவானது. தில்லியைச் சுற்றியுள்ள நகரங்களில் ஷிவ் நாடார் பள்ளிகளும் இயங்குகின்றன.

இந்த முறையில் செலவு ஒருமுறையோடு முடிவதில்லை. நிலம், கட்டடம், ஆய்வகம் ஆகியவற்றுக்குப் பிறகு ஆசிரியர் ஊதியம், கல்வி உதவித்தொகை, பராமரிப்பு என ஆண்டுதோறும் பணம் தேவைப்படுகிறது. கட்டணம் வசூலிக்கும் நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியை ஈட்டிக்கொள்ளும். கட்டணமே இல்லாத பள்ளிகளுக்கு முழுச் செலவையும் அறக்கட்டளையே ஏற்க வேண்டும்.

வித்யாஞான்: ஐந்தாம் வகுப்பில் ஒரு தேர்வு

அத்தகைய கட்டணமில்லாப் பள்ளிகளே 'வித்யாஞான்' உறைவிடப் பள்ளிகள். உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷகரில் 2009-இலும் சீதாபூரில் 2012-இலும் இவை தொடங்கப்பட்டன. அம்மாநிலக் கிராமங்களில் உள்ள குறைந்த வருமானக் குடும்பங்களின் குழந்தைகள் ஐந்தாம் வகுப்பில் நடத்தப்படும் நுழைவுத் தேர்வின் வாயிலாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கல்வி, உணவு, தங்குமிடம் என அனைத்தும் இலவசம்.

மாணவர்களைப் படிக்க வைப்பதோடு, கிராமப்புறங்களிலிருந்து வருங்காலத் தலைவர்களை உருவாக்குவதும் திட்டத்தின் நோக்கமாகக் கூறப்படுகிறது. தேர்ந்தெடுக்கப்படும் குழந்தையின் வாழ்க்கையில் இதன் தாக்கம் மிகப் பெரிது. விவசாயக் கூலித் தொழிலாளியின் மகளுக்கும், நகரத்துத் தனியார் பள்ளி மாணவிக்கு நிகரான ஆய்வகமும் நூலகமும் ஆசிரியர்களும் கிடைக்கின்றனர்.

தேர்வாகாத குழந்தைகளின் நிலை என்ன?

இத்திட்டம் குறித்து எழும் முக்கியக் கேள்வியும் இதுவே. விண்ணப்பிப்போரில் மிகச் சிறிய பங்கினருக்கே இடம் கிடைக்கிறது. மற்றவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியிலேயே தொடர்கின்றனர். சிறந்த மாணவர்கள் வெளியேறுவதால் அப்பள்ளிகளின் நிலை மாறிவிடுவதில்லை. பத்து வயதில் எழுதும் ஒரு தேர்வு ஒருவரது திறனை முழுமையாக அளவிட முடியுமா என்பதும் விவாதத்துக்குரியது.

இதற்கு மாறான பாதையில் செல்வது அஸீம் பிரேம்ஜி அறக்கட்டளை. விப்ரோ நிறுவனப் பங்குகளில் 34 சதவீதத்தின் பொருளாதாரப் பயனை, அதாவது அன்றைய மதிப்பில் ரூ.52,750 கோடியை, அறப்பணிகளுக்கு வழங்குவதாக 2019 மார்ச்சில் பிரேம்ஜி அறிவித்தார். அதற்கு முன்பு அளித்தவற்றையும் சேர்த்து மொத்த மதிப்பு ரூ.1.45 லட்சம் கோடி எனத் தெரிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியும் அரசுக் கல்வி அமைப்பை வலுப்படுத்துவதுமே அந்த அறக்கட்டளையின் முதன்மைப் பணி.

முதலாவது பாதையில் பலன் ஆழமானது, விரைவில் கண்ணுக்குத் தெரிவது; ஆனால் சிலருக்கானது. இரண்டாவது பாதையில் பலன் பலரைச் சென்றடையக் கூடியது. ஆனால் மெதுவானது, அளவிடக் கடினமானது. ஷிவ் நாடார் அறக்கட்டளையும் 'சிக்ஷா' என்ற திட்டத்தின்கீழ், உத்தரப் பிரதேச அரசு ஆரம்பப் பள்ளிகளில் தொழில்நுட்பம் வழியாகக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டது குறிப்பிடத்தக்கது.

சட்டம் என்ன சொல்கிறது?

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ லாபமோ சொத்து மதிப்போ கொண்ட நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஆனால் நிறுவனர்கள் தங்கள் சொந்தச் செல்வத்திலிருந்து வழங்குவதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. எவ்வளவு, எதற்கு, எத்தனை ஆண்டுகள் என்பதை வழங்குபவரே முடிவு செய்கிறார்.

நாட்டில் சுமார் 10 லட்சம் அரசுப் பள்ளிகள் உள்ளன. எவ்வளவு பெரிய நன்கொடையும் அவற்றுக்கான அரசின் நிதி ஒதுக்கீட்டுக்கு ஈடாகாது. ஒரு நல்ல பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதைச் செய்து காட்டுவது நன்கொடையாளரால் இயலும். தேர்வில் இடம் கிடைக்காத குழந்தைக்கும் அத்தகைய பள்ளியை அதன் ஊரிலேயே வழங்கும் பொறுப்பு அரசுகளிடமே உள்ளது.