வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்தல்

சென்னை மாநகரில் நாள்தோறும் 5,000 டன்னுக்கும் மேற்பட்ட குப்பை சேர்கின்றது. பல்லாண்டுகளாக அது நகரின் வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் மலைபோல் குவிக்கப்பட்டு வந்துள்ளது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே அமைந்துள்ளது. வலசை வரும் பறவைகளின் உறைவிடமாகிய அந்நிலம், 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பை மேடு தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. சுற்றுப்புறத்து மக்கள் நச்சுப் புகையையே சுவாசிக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது மாநகராட்சியையும் அரசையும் குறைகூறுதல் எளிது. அங்கே குறை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், கிடங்கின் சிக்கல் நம் அடுக்களைக் கூடையிலேயே தொடங்குகின்றது. அது எவ்வாறு என்பதையும், நாம் செய்யத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

1. கலப்பதால் விளையும் கேடு

நம் வீடுகளில் சேரும் குப்பையில் ஏறத்தாழப் பாதி, காய்கறித் தோல், எஞ்சிய சோறு, இலை, பூ போன்ற மக்கும் பொருள்களே. இவை காற்றோட்டமுள்ள இடத்தில் மக்கினால் எருவாகும். பெருங்குவியலின் அடியில், காற்றுப் புகாத நிலையில் அழுகினாலோ மீத்தேன் வாயு தோன்றும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்க்குமிடத்து, இவ்வாயு கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. எளிதில் தீப்பற்றுவதும் ஆகும். குப்பை மேடுகள் அடிக்கடி எரிவதற்கு இதுவே முதன்மையான காரணம். அழுகலின் ஈரமும் மழைநீரும் சேர்ந்து வடியும் கருநிறக் கசிவுநீர், மின்கலம் முதலியவற்றிலுள்ள நச்சு உலோகங்களையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரில் கலக்கின்றது.

உயர்ந்துகொண்டே போகும் மேடு சரிவதும் உண்டு. இலங்கையில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில், 2017 ஏப்ரல் 14-ஆம் நாள், புத்தாண்டுத் திருநாளன்றே குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது; முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மறுபுறம், உலர்ந்த தாளும் பிளாஸ்டிக்கும் குழம்பும் சாம்பாரும் பட்டு நனைந்தபின் விலைபோவதில்லை. காயலான் கடைக்குச் சென்றிருக்க வேண்டியது கிடங்குக்குச் செல்கின்றது. எருவாகியிருக்க வேண்டியதும் கண்ணாடித் துண்டும் நெகிழித் துணுக்கும் கலந்து வயலுக்கு உதவாமற் போகின்றது. தனித்தனியே பயன்பட்டிருக்கக்கூடிய இரண்டும் ஒரு கூடையில் கலந்ததனாலேயே வீணாகின்றன. பழைய மேடுகளை அகழ்ந்து சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் பணிக்குச் சென்னையில் பல நூறு கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. வீட்டில் ஒரு நிமிடத்தில் செய்யத்தக்கதைச் செய்யாது விட்டதன் விலை அது.

2. பிரிக்கும் முறை

மக்குவன, மக்காதவை, தீங்கு விளைவிப்பவை என மூவகையாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டாரின் கடமை என நடுவண் அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. அவற்றுக்கு மாற்றாக 2026-இல் அறிவிக்கப்பட்ட விதிகள் நான்கு வகைகளைக் கூறுகின்றன. முதலாவது, ஈரக் குப்பை. அதாவது உணவும் தாவரக் கழிவும். இரண்டாவது, உலர் குப்பை. தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் முதலியன. மூன்றாவது, அணையாடை, டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு. நான்காவது, மின்கலம், குழல் விளக்கு, காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா போன்ற தனிக் கவனம் வேண்டுவன.

பால் உறையையும் எண்ணெய்ப் பொட்டலத்தையும் சிறிது நீரில் அலசி உலர்த்தியே போட வேண்டும். சுகாதாரக் கழிவைத் தாளில் சுற்றி அடையாளம் இட வேண்டும். உடைந்த கண்ணாடியைத் தனியே கட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இடமுள்ளோர் ஈரக் குப்பையை வீட்டிலேயே எருவாக்கலாம். துளையிட்ட மண்தொட்டியின் அடியில் காய்ந்த சருகைப் பரப்பி, அன்றாடக் கழிவை இட்டு, அதன்மேல் மீண்டும் சருகோ தென்னை நார்க்கழிவோ தூவ வேண்டும். வாரம் இருமுறை கிளறுதல் நன்று. பிழிந்த துணியளவு ஈரமே போதுமானது. துர்நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்து காற்றுக் குறைந்தது என்று பொருள். இன்னும் சருகு சேர்த்துக் கிளறினால் நாற்றம் நீங்கும். இரண்டு, மூன்று மாதங்களில் மண்வாசனையுள்ள எரு கிடைக்கும். மீன், இறைச்சிக் கழிவு எலியை வரவழைக்குமாதலால் சிறு தொட்டியில் இடாதிருத்தல் நலம்.

3. ஆலப்புழை தரும் சான்று

இது தனி வீட்டுக்கு ஒக்கும், ஒரு நகரத்துக்கு ஒவ்வுமோ என்று கேட்பாருக்குக் கேரளத்தின் ஆலப்புழை விடை தருகின்றது. அந்நகரின் குப்பை அருகிலுள்ள சர்வோதயபுரம் என்னும் சிற்றூரில் கொட்டப்பட்டு வந்தது. நாற்றமும் நீர்க்கேடும் தாங்கமாட்டாத ஊரார் 2012-இல் குப்பை வண்டிகளை மறித்தனர். நகரத் தெருக்களில் குப்பை தேங்கியது. வேறு கிடங்கு தேடுவதற்கு மாறாக, அவரவர் குப்பையை அவரவர் இடத்திலேயே கையாளுதல் என்னும் திட்டத்தை நகராட்சி மேற்கொண்டது. வீடுகளில் குழாய் எருக்கலன்களும் சாண எரிவாயுக் கலன்களும் மானியத்துடன் அமைக்கப்பட்டன. இடமற்றோருக்காகத் தெருவோரங்களில் காற்றோட்டமுள்ள பொதுத் தொட்டிகள் வைக்கப்பட்டு, சாணமும் சருகும் அடுக்கி எரு தயாரிக்கப்பட்டது. 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு இந்நகரை முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சுட்டியது. ஓர் ஊரின் குப்பையை வேறோர் ஊர் சுமக்க மறுத்ததே இம்மாற்றத்திற்கு வித்தாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

4. குப்பையைத் தொடும் கை

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் ஊரில், உடைந்த விளக்குக் கண்ணாடியை மற்றக் குப்பையோடு பையிலிட்டு வெளியே வைத்துவிட்டோம். மறுநாள் காலை தூய்மைப் பணியாளராகிய அம்மையார் உள்ளங்கையில் துணியைச் சுற்றியவாறு வாயிலில் நின்றார். "ஐயா, கண்ணாடி கிடந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றதைத் தவிர அவர் வேறெதுவும் கூறவில்லை. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தையல் இடப்பட்டது, அவர் எட்டு நாள் வேலையும் கூலியும் இழந்தார். அக்கூலியை நாம் ஈடுசெய்தோம் எனினும், அந்தக் கையின் வடு ஈடாகவில்லை.

நாம் பிரிக்காத குப்பையை யாரோ ஒருவர் பிரித்தே ஆகவேண்டும். நம் நாட்டில் அவர் யார், எந்தச் சமூகத்தினர், எத்தகைய கூலி பெறுவோர் என்பதை வாசகர் அறிவர். ஆகவே தரம் பிரித்தல் தூய்மையைப் பற்றிய காரியம் மட்டுமன்று. நீதியைப் பற்றியதும் ஆகும்.

5. சபைகளில் செய்யத்தக்கவை

குருமனையிலும் மாணவர் விடுதியிலும் முதலில் தொடங்குவோமாக. தாம் செய்யாததை ஆயர் அறிவித்தலால் பயனில்லை. அசன நாள்களில் வாழையிலையும் எஞ்சிய உணவும் ஒரு குழிக்கும், தாளும் புட்டிகளும் வேறிடத்துக்கும் செல்லுமாறு வாலிபர் இருவரை நிறுத்தலாம். 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ள பிளாஸ்டிக் தாள் ஒட்டிய தட்டுகளும் குவளைகளும் ஆலய வளாகத்துள் நுழையாதிருக்கட்டும். ஆலயத் தோட்டத்துச் சருகை எரிக்காமல் எருக்குழிக்குப் பயன்படுத்தலாம். பிரித்துக் கொடுத்ததை வண்டியில் மீண்டும் ஒன்றாகக் கொட்டினால், ஊர்ப் பெரியோருடன் சென்று நகராட்சி அலுவலரிடம் பொறுமையாகவும் விடாமலும் முறையிடுதல் வேண்டும்.

இவை அனைத்தும் சிறு காரியங்களே. எனினும், நம் வாயிலில் பையைத் தூக்கும் அந்தக் கைக்கு இவை சிறியன அல்ல.