ஊர் மாறும்போது கார்: ஓட்டிச் செல்வதா, லாரியில் ஏற்றுவதா?

பழங்காநத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் சென்ற மாதம் நம் கடைக்கு வந்திருந்தார். அவருடைய மூத்த மகன் டெல்லியில் மொத்த வியாபாரம் தொடங்கக் குடும்பத்தோடு குடிபெயர்கிறார். "காரை நானே ஓட்டிட்டுப் போறேன்னு நிக்கிறான். லாரியில ஏத்தி விடலாம்னு நான் சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

இதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் கிடையாது. ஆனால் சரக்கை அனுப்பும்போது நாம் போடும் கணக்கையே காருக்கும் போட்டால் விடை கிடைத்துவிடும்.

ஓட்டிச் சென்றால்...

மதுரையிலிருந்து டெல்லிக்கு வழி தேடி அலைய வேண்டியதில்லை. கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை (பழைய 7-ஆம் எண் சாலையின் பெரும்பகுதி இதில் அடக்கம்) நம் ஊர் வழியாகவே செல்கிறது. சேலம், பெங்களூர், ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று சுமார் 2,600 கிலோமீட்டர்.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் 173 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 17,300 ரூபாய். இதோடு சுங்கச் சாவடிக் கட்டணம், மூன்று இரவு தங்கும் செலவு, சாப்பாடு, டயர் தேய்மானம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். நாளுக்கு 650 கிலோமீட்டர் ஓட்டினால்தான் நான்கு நாளில் போய்ச் சேரலாம். மாற்றி ஓட்ட இன்னொருவர் இல்லாமல் இதைச் செய்வது ஆபத்து. அந்த நான்கு நாள் வியாபாரம் நின்றால் அதுவும் செலவுதான்.

லாரியில் ஏற்றினால்...

லாரி வாடகையோடு கணக்கு முடிவதில்லை. குடும்பத்தின் ரயில் கட்டணத்தையும், கார் வந்து சேரும் வரை ஆட்டோவுக்கும் டாக்சிக்கும் ஆகும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லோடு நிறையும் வரை வண்டி காத்திருப்பதும் உண்டு.

இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மகள் குடும்பம் புனேவுக்குப் போனபோது காரை லாரியில் அனுப்பினோம். இடது கதவு நசுங்கி வந்து சேர்ந்தது. ரசீதில் "கார் 1" என்று மட்டும் இருந்தது, மதிப்பு எழுதவில்லை. ஏற்றும் முன் போட்டோ எடுக்கவில்லை. "அது முன்னாலேயே இருந்த நசுங்கல்" என்று சொல்லிவிட்டார்கள். போனில் பேசிப் பேசியே ஆறு மாதம் ஓடிவிட்டது. எழுத்தில் ஒரு வரி கொடுக்கவில்லை. தினமும் சரக்கு ரசீதோடு வாழ்கிற நானே இப்படி ஏமாந்தேன்.

2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் சேதத்தை எழுத்து மூலம் தெரிவிக்காவிட்டால் வழக்குப் போட முடியாது. கூடுதல் கட்டணம் செலுத்தி அதிகப் பொறுப்பை ஏற்கச் செய்யாவிட்டால், இழப்பீடு வாடகையின் பத்து மடங்குக்கு மேல் கிடைக்காது.

ஆகவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. காரின் மதிப்பு, ஓடிய கிலோமீட்டர், ஏற்கெனவே உள்ள கீறல்கள் ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். இறக்கும் இடத்தில் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

2. முழு இன்சூரன்ஸ் பாலிசியில், கார் சாலை அல்லது ரயில் வழியே கொண்டு செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் காருக்கு ஒன்றும் கிடைக்காது.

3. காருக்குள் கடைச் சரக்கை அடைக்காதீர்கள். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் இ-வே பில் தேவை.

எப்படிப் போனாலும் ஆவணங்கள்

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் கார் இருந்தால் அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் தேவை. அங்கே சாலை வரி கட்டிய பிறகு, இங்கே கட்டிய ஆயுட்கால வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். 2021-இல் வந்த 'பி.எச்.' வரிசை எண் அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியர்களுக்கும்தான். நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு அது இல்லை.

டெல்லிக்குப் பழைய டீசல் காரைக் கொண்டு போகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பிறகு அதில் மாறுதல்கள் வந்துள்ளதால் அன்றைய நிலையைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். வயதான காரை இங்கேயே விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குவது பல சமயம் லாபம்.

அண்ணாச்சியின் மகன் கார் நான்கு வயது பெட்ரோல் கார். மாற்றி ஓட்ட ஆள் இல்லை, கைக்குழந்தையும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஓட்டிச் செல்வதில் மிச்சமாகும் தொகை அவ்வளவு பெரிதாக இல்லை. கார் லாரியில் போனது; குடும்பம் மதுரையிலிருந்து நிஜாமுத்தீன் செல்லும் சம்பர்க் கிராந்தி ரயிலில் போனது. ரசீதில் மதிப்பு எழுதியாயிற்றா என்று அண்ணாச்சி இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்த பிறகே சாவியைக் கொடுத்தார்.